கரீபியன் தீவுக்கு முதல் குடும்பப் பயணம்: எந்தத் தீவு என்று முடிவுசெய்ய உதவுங்கள்

எடிசன்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடமாக நியூஜெர்சியில் இருக்கிறோம். விடுமுறை என்றால் ஒன்று ஊர், இல்லாவிட்டால் நயாகரா. ஊரிலிருந்து யார் வந்தாலும் நயாகரா. ஐந்து முறை ஆகிவிட்டது, அருவிக்கே எங்களை அடையாளம் தெரிந்திருக்கும். இந்தத் தடவை மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள், நீலக்கடல் இல்லாத இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று.

பிப்ரவரியில் அதிபர் தினத்தை ஒட்டிப் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. நாங்கள் இரண்டு பேர், 8 வயது மகள், 4 வயது மகன். அதோடு கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா. அம்மாவுக்கு முட்டிவலி, இரண்டு பேரும் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. பட்ஜெட் எல்லாம் சேர்த்து 7,000 டாலர். அரூபாவா, புன்டா கானாவா, ஜமைக்காவா? இரவில் யூடியூப் பார்த்துப் பார்த்து எல்லாத் தீவும் ஒரே மாதிரித் தெரிய ஆரம்பித்துவிட்டது.

ரிசார்ட்_ரசிகன்:

யோசிக்கவே வேண்டாம் ப்ரோ, புன்டா கானா. எல்லாம் அடங்கிய ரிசார்ட்டாகப் போட்டுவிடுங்கள். சாப்பாடு, பானம், குழந்தைகள் விளையாட்டுக்கூடம் எல்லாம் ஒரே காசில் முடிந்துவிடும், கையில் வளையம் கட்டிவிட்டால் ஒரு வாரம் பர்ஸையே எடுக்க வேண்டியதில்லை. நாங்கள் மூன்று முறை போயிருக்கிறோம். அரூபா அழகுதான், ஆனால் அறை வாடகையைக் கேட்டால் கடலில் குதிக்கலாம் போலிருக்கும்.

பேப்பர்வொர்க்_புலி:

கடல், மணல் எல்லாம் அப்புறம். முதலில் இரண்டு கேள்வி. நீங்கள் எச்1பி வேலை விசாவா, கிரீன்கார்டா? எச்1பி என்றால் பாஸ்போர்ட்டில் இருக்கும் விசா ஸ்டாம்ப் இன்னும் செல்லுபடியாகிறதா?

எடிசன்வாசி:

எச்1பி. நீட்டிப்பு ஒப்புதல் 2027 வரை கையில் இருக்கிறது. ஸ்டாம்ப் காலாவதியாகி ஒன்றரை வருடம் ஆகிறது, மனைவிக்கும் அப்படியே. குழந்தைகள் இங்கே பிறந்தவர்கள். ஆனால் போன வருடம் இதே நிலையில்தான் காரில் கனடா போய்விட்டு வந்தோமே, ஒன்றும் சொல்லவில்லையே?

பேப்பர்வொர்க்_புலி:

அங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் 30 நாளுக்குள் போய்வந்தால், ஐ-94 என்கிற தங்கல் அனுமதிப் பதிவு செல்லுபடியாக இருக்கும்வரை, காலாவதியான ஸ்டாம்போடு திரும்ப நுழைய ஒரு சலுகை இருக்கிறது. தானாகவே விசா நீட்டித்ததாக எடுத்துக்கொள்வார்கள். கரீபியன் தீவுகளுக்கும் அந்தச் சலுகை உண்டு, ஆனால் எஃப், ஜே விசாவில் இருக்கும் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் மட்டும் (கியூபா நீங்கலாக). எச்1பி-க்கு இல்லை. நீங்கள் அரூபா போனால் போனதுதான். திரும்பும் விமானத்தில் ஏற விடமாட்டார்கள். அரூபா விமான நிலையத்தில் அமெரிக்கக் குடிநுழைவு மேசை அங்கேயே இருக்கிறது, அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

புன்டா கானா கதை இன்னும் சுருக்கம். அது இருக்கும் டொமினிகன் குடியரசு இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கேட்கும், அமெரிக்க விசா கையில் இருந்தால் அது தேவையில்லை. உங்களுக்கு அந்த விசாவே காலாவதி. ஜமைக்காவும் பார்படோஸும் இந்தியப் பாஸ்போர்ட்டை விசா இல்லாமலே உள்ளே விடுவார்கள், ஆனால் பிரச்சினை உள்ளே போவதில் இல்லை, வெளியே வருவதில்! பக்கத்து நாட்டில் ஸ்டாம்பிங் போட்டுக்கொள்ளலாம் என்று பழைய இழைகளில் எழுதியிருப்பதையும் நம்பாதீர்கள். 2025 செப்டம்பரிலிருந்து சொந்த நாட்டிலோ, குடியிருக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள்.

நான் வழக்கறிஞர் இல்லை, அடிபட்டவன். உங்கள் அலுவலக வழக்கறிஞரிடம் ஒரு மின்னஞ்சல் போட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

எடிசன்வாசி:

தலை சுற்றுகிறது. நேற்று இரவு அரூபா டிக்கெட்டுக்குக் கார்டு நம்பர் போடப் போனேன். அந்த நேரம் பார்த்துச் சின்னவன் எழுந்து தண்ணீர் கேட்டான், அப்படியே தூங்கிப்போனேன். அவனுக்கு ஒரு ஐஸ்கிரீம் கடன்பட்டிருக்கிறேன். அப்படியென்றால் எங்களுக்குக் கரீபியனே கிடையாதா?

மணல்வீடு:

ஏன் கிடையாது? போர்ட்டோ ரிக்கோ இருக்கிறதே. அமெரிக்கப் பகுதிதான், நியூவார்க்கிலிருந்து சான் ஹுவானுக்கு நேர் விமானம், சுமார் 4 மணி நேரம், உள்நாட்டுப் பயணம். குடிநுழைவு வரிசை இல்லை, அப்பா அம்மாவின் ஐ-94ஐயும் யாரும் தொடமாட்டார்கள். இருந்தாலும் எல்லோருடைய பாஸ்போர்ட், உங்கள் ஐ-797 (எச்1பி ஒப்புதல் அறிவிப்பு), ஐ-94 அச்சுப்பிரதி எல்லாவற்றையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். விவரமாக இரவு எழுதுகிறேன், இப்போது மீட்டிங்.

ஸ்காபரோ_பெரியப்பு:

தம்பி, நான் கனடாப் பக்கம், எங்களுக்கு இந்த ஸ்டாம்ப் கரைச்சல் இல்லை. குளிர் தொடங்கினால் ஸ்காபரோவில் பாதிச் சனம் புன்டா கானா, மற்றப் பாதி கியூபா. மூன்று குடும்பம் சேர்ந்து போய் மண்டபம் பிடித்த மாதிரி இருந்துவிட்டு வருவோம். ஆனால் ரிசார்ட்_ரசிகன் சொல்லாத இரண்டு விசயம் சொல்ல வேணும். ஒன்று, சர்காசம் என்கிற பழுப்புநிறக் கடற்பாசி. பங்குனி, சித்திரையில் தொடங்கி ஐப்பசி மட்டும் அட்லாண்டிக் பக்கக் கரைகளில் வந்து குவியும். அழுகினால் கூழ்முட்டை மணம். நாங்கள் ஒரு யூலை மாதம் போய் ஏழு நாளில் இரண்டு நாள்தான் கடலில் இறங்கினோம், மிச்சம் முழுக்க நீச்சல் குளம். மாசியில் போனால் அந்தப் பயம் குறைவு.

இரண்டாவது, சைவச் சாப்பாடு. புஃபேயில் நூறு சாப்பாடு இருக்கும், என்ர மனுசி வெள்ளிக்கிழமை விரதத்துக்குச் சோறும் வத்தகப்பழமும் சாப்பிட்டவ. ஒரே கரண்டியை எல்லாத் தட்டிலும் போடுவார்கள். உங்கட அம்மாவுக்குச் சரிவராது. சமையலறை உள்ள வீடாக எடுங்கோ.

லாசப்பல்_பொடியன்:

கொஞ்சம் இழைக்கு வெளியே, ஆனால் கரீபியன் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் பாரிஸில் இருந்து குவாதலூப் போனோம். ஓர்லி விமான நிலையத்தில் ஏறினால் எட்டு ஒன்பது மணி நேரம், இறங்கினாலும் பிரான்ஸ்தான், யூரோதான். காப்பெஸ்டெர் என்ற ஊர்ப் பக்கம் வாடகைக் காரில் போகிறபோது தெருவோரம் வண்ணச் சிலைகளோடு ஒரு கோயில். ஷாஞ்சி கோயில் என்கிறார்கள். 1854 கிறிஸ்துமஸ் சமயம் ஒரேலி என்ற கப்பலில் கூலிகளாக முதல் இந்தியர்கள் வந்து இறங்கினார்கள், பிறகு கரும்புத் தோட்டங்களுக்குப் பல்லாயிரம் பேர், அதில் நிறையப் பேர் பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக வந்த தமிழர். மொழி போய்விட்டது, அம்மன் போகவில்லை. அந்தச் சனத்துக்கு வாக்குரிமை வேண்டும் என்று இருபது வருடம் வழக்காடிய மனிதரின் பெயர் ஆன்றி சிதம்பரம். பிரெஞ்சு எழுத்தில் அதை வாசிக்கவே எனக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. அங்கே ஆட்டுக்கறிக் 'கொலம்போ' ஊர்ச் சாப்பாடு, மல்லி, மஞ்சள், கடுகு எல்லாம் போட்ட தூள். குழம்புதான் கொலம்போ ஆனது என்று சிலர் சொல்கிறார்கள், கொழும்பு நகரின் பெயர் என்று வேறு சிலர். எங்கட அம்மா ருசித்துப் பார்த்துவிட்டுப் புளி காணாது என்றார்.

எடிசன்வாசிக்கு இது இப்போது உதவாது, தெரியும். ஸ்டாம்ப் கிடைத்த பிறகு நினைவு வையுங்கள்.

மணல்வீடு:

சொன்னபடி வந்துவிட்டேன். நாங்கள் மாமனார் மாமியாரோடு இரண்டு முறை போனோம், முதல் முறை செய்த தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் தப்பு, ஒரு வாரத்தில் மூன்று இடத்தில் தங்கியது. பெரியவர்களும் 4 வயதுப் பிள்ளையும் இருந்தால் பெட்டி கட்டிப் பிரிப்பதிலேயே பாதி நாள் போய்விடும். ஒரே இடத்தில் இருங்கள். என் ஓட்டு லுகியோ பக்கம். விமான நிலையத்திலிருந்து கிழக்கே முக்கால் மணி நேரம். வெளியே பவளப்பாறை அலையைத் தடுப்பதால் கடற்கரை பெரும்பாலும் குளம் மாதிரி இருக்கும், தென்னந்தோப்பு நிழல், பக்கத்திலேயே சுமார் 60 சாப்பாட்டுக் கடைகள் ஒரே வரிசையில். எல் யுங்கே மழைக்காடும் பக்கம். அமெரிக்கத் தேசியக் காடுகளில் வெப்பமண்டல மழைக்காடு அது ஒன்றுதான். அம்மாவுக்கு முட்டிவலி என்றால் நடைபாதைகளை விடுங்கள். 191ஆம் சாலையில் காரிலேயே ஏறினால் லா கோகா அருவி சாலையோரத்திலேயே விழுகிறது, இறங்கி நின்று பார்க்கலாம். காலையில் சீக்கிரம் போங்கள். மழை கட்டாயம் வரும், குடை வேண்டாம், மழைக்கோட்டு எடுத்துப்போங்கள்.

இரண்டாவது தப்பு, வாடகைக் கார். சுங்கச்சாவடிகளில் காசு வாங்க ஆள் கிடையாது, எல்லாம் மின்னட்டை. எங்களுக்கு வண்டி கொடுத்த நிறுவனம் மேசையில் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று வாரம் கழித்து, 8 டாலர் சுங்கத்துக்கு 60 டாலர் சேவைக் கட்டணம் போட்டு பில் வந்தது. சாவி வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு வேடிக்கை, அங்கே தூரப் பலகை கிலோமீட்டரில், வேகப் பலகை மைலில், பெட்ரோல் லிட்டரில். மாமனாருக்குப் பரம சந்தோஷம், பாதியாவது புரிகிறதே என்று. குழந்தை இருக்கையை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள்.

மூன்றாவது, தப்பு இல்லை, அதிர்ஷ்டம். ஃபஹார்டோவில் லகூனா கிராண்டே என்ற உப்பங்கழி. இரவில் தண்ணீரைக் கலக்கினால் நீலமாக ஒளிரும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் செய்யும் வேலை. வியேகஸ் தீவில் இருக்கும் மொஸ்கிட்டோ பே இதைவிடப் பிரகாசம், கின்னஸில் ஏறியது, ஆனால் அதற்குச் சேய்பாவிலிருந்து படகு, இரவு அங்கே தங்கல், வாடகைக் காரைப் படகில் ஏற்றத் தடை என்று பெரியவர்களோடு போக முடியாத அலைச்சல். ஃபஹார்டோவில் எல்லோரும் கயாக் எடுப்பார்கள், நீங்கள் மின்படகு எடுங்கள், உட்கார்ந்தபடியே போகலாம். நிலா இருந்தால் ஒளி தெரியாது. பௌர்ணமியை ஒட்டிப் போனவர்கள்தான் இணையத்தில் 'ஏமாற்று வேலை' என்று எழுதுகிறார்கள்.

ரிசார்ட்_ரசிகன்:

எல்லாம் சரி, இது விடுமுறையா, வீடு மாற்றமா? வண்டி ஓட்டு, சுங்கம் பார், சமையல் செய். அங்கேயும் அதே டாலர், அதே வால்மார்ட், அதே காஸ்ட்கோ. ஃப்ளோரிடா போனால் போதாதா?

ரெண்டுவாலு_அம்மா:

சமையல் செய்வது யார் என்ற கேள்வியை நீங்கள் கேட்டதே ஆச்சரியம் :) ஆனால் நியாயமான கேள்வி. எடிசன்வாசி, மனைவியை ஒரு வார்த்தை கேளுங்கள். நீலக்கடல் கேட்டவர் கையில் அங்கேயும் கரண்டியைக் கொடுத்தால் அது நீலக்கடல் இல்லை. காலையில் மட்டும் வீட்டில், மற்ற வேளை வெளியில் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளோரிடா இல்லை இது. பழைய சான் ஹுவானில் நீலம் பாய்ந்த கல் பாவிய தெருக்கள், 1539இல் கட்டத் தொடங்கிய எல் மோரோ கோட்டை, அதன் முன்னால் பெரிய புல்வெளி. ஊரே வந்து பட்டம் விடுகிறது. என் பையன்கள் கோட்டைக்குள் வர மறுத்து இரண்டு மணி நேரம் பட்டம் விட்டார்கள். இரவானால் கொக்கீ என்ற சின்னஞ்சிறு தவளை விடிய விடியக் கத்தும், பெயரையே கூவுகிற தவளை.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் பெரிய எழுத்தில் படியுங்கள். குளிர்காலத்தில் வடகரையில் அலை பெரியது. சான் ஹுவானில் எங்கள் ஓட்டலுக்கு எதிரே கடல் பார்க்க அமைதியாக இருந்தது, இடுப்பளவு தண்ணீரில் நின்ற கணவரைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் முப்பதடி கொண்டுபோய்விட்டது. பக்கத்தில் சர்ஃபிங் செய்துகொண்டிருந்த ஒரு பையன்தான் பலகையில் பிடித்து இழுத்து வந்தான். அதற்குப் பிறகு அந்தப் பயணம் முழுக்கக் குழந்தைகளை முட்டிக்கு மேல் தண்ணீரில் விடவில்லை. சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள், கொடி இல்லாத கரையில் ஊர்க்காரர்கள் குளிக்கிறார்களா என்று பாருங்கள்.

பேப்பர்வொர்க்_புலி:

யாராவது செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான் என்று சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவையும் அமெரிக்கப் பகுதி, செயின்ட் ஜானில் பாதிக்கு மேல் தேசியப் பூங்கா, கடல் கண்ணாடி. ஆனால் திரும்பும்போது விமான நிலையத்தில் அதிகாரிகள் ஆவணம் பார்ப்பார்கள், காரை இடப்பக்கம் ஓட்ட வேண்டும். ஸ்டாம்ப் இல்லாமலும் ஐ-797 காட்டி வந்தவர்கள் இருக்கிறார்கள். முதல் பயணத்துக்கு அந்த நெஞ்சிடி எதற்கு?

எடிசன்வாசி:

போர்ட்டோ ரிக்கோ, லுகியோ, ஆறு இரவு, சமையலறையுள்ள வீடு. முடிவு பண்ணியாச்சு. மனைவி ஒப்புதல் கொடுத்துவிட்டாள், காலை உணவு என் பொறுப்பு என்ற நிபந்தனையோடு. அம்மாவிடம் தினசரிக் காலண்டரைப் பார்க்கச் சொன்னேன், பிப்ரவரி 17 அமாவாசை. ஒளிரும் தண்ணீருக்கு அதைவிட நல்ல நாள் இல்லை. சிக்கல் என்னவென்றால் அப்பா அன்றைக்குத் தர்ப்பணம் செய்பவர், வெளியே கை நனைக்கமாட்டார். சாப்பாடு பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.

மணல்வீடு:

கவலை வேண்டாம், அவர்கள் நம்மைப் போலச் சோறு தின்னும் ஜனம். ஊர்ச் சாப்பாடு அர்ரோஸ் கோன் கண்டூலெஸ், அந்தக் கண்டூலெஸ் வேறொன்றும் இல்லை, நம் பச்சைத் துவரை. கடைகளில் வாழைக்காய், சேனை மாதிரி, சேப்பங்கிழங்கு மாதிரிக் கிழங்குகள், சீமைப்பலா எல்லாம் கிடைக்கும். அம்மா காய்கறிக் கடையில் மயங்கி நிற்பார்.

ஆனால் வெளியில் சாப்பிடும்போது கவனம். பீன்ஸிலும் துவரைச் சோற்றிலும் பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கம். மொஃபோங்கோ என்று வாழைக்காயைப் பொரித்துப் பூண்டோடு இடித்துக் கொடுப்பார்கள், அதில் பன்றித்தோல் வறுவல் கலந்திருக்கலாம். 'சின் கார்னே' என்று மட்டும் சொன்னால் மாட்டிறைச்சி வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு கோழி வைப்பார்கள், எங்களுக்கு வைத்தார்கள். ஹமோன் (பன்றித் தொடைக்கறி) வேண்டாம், போயோ (கோழி) வேண்டாம், கால்டோ வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். கால்டோ என்பது இறைச்சி வேகவைத்த தண்ணீர். தோஸ்தோனேஸ் என்ற வாழைக்காய் வடை பெரும்பாலும் பிழைக்க வைக்கும், ஆனால் எண்ணெயையும் கேளுங்கள். சின்னக் குக்கர், ரசப்பொடி, ஊறுகாய் எடுத்துப்போங்கள். திரும்பும்போது சான் ஹுவானில் பெட்டிகளை விவசாயத் துறை எக்ஸ்ரேயில் போட்டுப் பார்க்கும். மாம்பழம், மண்ணோடு செடி எல்லாம் கூடாது. அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

ஸ்காபரோ_பெரியப்பு:

போய் வந்து எழுதுங்கோ தம்பி. கேட்டுப்போட்டு ஓடுகிற ஆட்கள்தான் இங்கே கனபேர்.

எடிசன்வாசி:

ஓடவில்லை பெரியப்பு, நேற்றுத்தான் வந்தோம்.

எண்பது சதவீதம் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் இரவு மின்சாரம் போய் ஐந்து மணி நேரம் வரவில்லை. வீட்டுக்காரர் ஜெனரேட்டர் இருக்கிறது என்று எழுதியிருந்தார், அதற்கு எரிபொருள் இருக்கிறது என்று எழுதவில்லை. நாங்கள் இருவரும் பதறினோம், அப்பா அம்மா வாசலில் நாற்காலி போட்டுக் காற்று வாங்கிக்கொண்டு, கும்பகோணத்தில் இருப்பது மாதிரியே இருக்கிறது என்றார்கள். மழைக்காட்டில் சின்னவன் தூங்கிவிட்டான். அருவி அவனுக்கு இல்லை, சரி, நயாகரா பார்த்திருக்கிறானே.

அமாவாசை காலை அப்பா நியூஜெர்சியிலிருந்து கொண்டுவந்த எள்ளோடு கடற்கரைக்கு வந்தார். தெற்கு எது என்று கேட்டார், செல்பேசியில் பார்த்தால் கடல் வடக்கே, மலை தெற்கே. கடலுக்கு முதுகைக் காட்டி மழைக்காட்டைப் பார்த்துத் தர்ப்பணம் செய்தார். நடைப்பயிற்சிக்கு வந்த ஓர் ஊர்ப் பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவர் முடிக்கும்வரை தள்ளி நின்றார். இரவு படகில் எல்லோரும் போனோம். மகள் துடுப்பை விட்டுக் கலக்கியதும் நீலப் புகை மாதிரி தண்ணீருக்குள் சுழன்றது. செல்பேசியில் படமே விழவில்லை, கறுப்பாக ஒரு சதுரம்தான். அம்மா கேட்ட ஒரே கேள்வி, இது தினமும் இருக்கிறதா, இன்றைக்கு மட்டுமா என்று.

செலவு பட்ஜெட்டைவிட 600 டாலர் கூடிவிட்டது, கார்தான் காரணம். சுங்கத்தை முதலிலேயே கேட்டதால் தப்பித்தேன், மணல்வீடு, நன்றி.

மணல்வீடு:

செடி விஷயம்?

எடிசன்வாசி:

அதைக் கேட்டுவிட்டீர்களா. எக்ஸ்ரேயில் அம்மாவின் பெட்டியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். ஈர டிஷ்யூவில் சுற்றி, மண்ணோடு, புடவைக்குள் ஒரு செம்பருத்திக் கன்று. நாம்தான் சொன்னோமே அம்மா என்றேன். அம்மாவோ, அந்த அதிகாரி அம்மாளும் செடி வளர்க்கிறவர்தான், எடுத்து ஓரமாக வைத்திருக்கிறார், தூக்கிப் போடவில்லை என்கிறாள். அதிகாரியின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாளாம்.